எண்பது வயதில் ராக் மேடை: காசுக்குத்தான் ஏறுகிறார்களா?

இங்கிலாந்தின் பழம்பெரும் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் மறுபடியும் சுற்றுப்பயணம் கிளம்புகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், சேலத்தில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் பேச்சு ஒரே தடத்தில்தான் ஓடும். “எண்பது வயசாச்சு. சேர்த்தது ஏழு தலைமுறைக்குக் காணும். இன்னும் எதுக்குங்க மேடை?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “காசு ஆசை யாரை விட்டுச்சு” என்று இன்னொருவர் முடித்துவிடுவார். தீவிர ரசிகர் ஒருவர் கொதித்து, “அது இசை மேல இருக்கிற வெறி, காசெல்லாம் அவங்களுக்குத் தூசு” என்பார். அதோடு பேச்சு நின்றுபோகும்.

ஒரு ராக் குழுவுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது, வந்தது யார் பைக்குப் போகிறது? இதை இரண்டு பக்கத்தாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும். ராக் இசை பக்கமே போகாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரோலிங் ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகரும் கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸும் 1943-ல் பிறந்தவர்கள். நம் இளையராஜாவும் அதே 1943. 2025 மார்ச்சில் அவர் லண்டனில் தன் சிம்ஃபொனியை அரங்கேற்றியபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. அந்த வயதில் அவர் மேடை ஏறினால் சாதனை, இவர்கள் ஏறினால் பேராசை என்று பிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பயணம் எவ்வளவு பெரியது, எந்தெந்த ஊர், டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் பெரும்பாலும் பணம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் ஏறுவதா வேண்டாமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே குழுவுக்குள்ளேயே மாறும். ஏன் அப்படி என்று பார்ப்போம்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து

அயோத்தியாப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் குத்தகைக் கணக்கு நன்றாகத் தெரியும். மரம் பூத்ததும் வியாபாரி வருவார். தோப்பைச் சுற்றிப் பார்த்து ஒரு தொகை பேசி முன்பணம் கொடுப்பார். மருந்தடிப்பு, காவல், காய் பறிப்பு, மண்டிக்கு வண்டி எல்லாம் அவர் செலவு. மல்கோவா காய்த்துக் குலுங்கி விலையும் ஏறினால் லாபம் அவருக்கு. ஆலங்கட்டி மழையில் பிஞ்செல்லாம் கொட்டிப்போனால் நட்டமும் அவருக்கு. தோப்புக்காரருக்குக் கையில் வந்த காசு மிச்சம்.

இசைத்தட்டு நிறுவனத்துக்கும் இளம் குழுவுக்கும் நடப்பது ஏறக்குறைய இதுதான். இருபது வயதுப் பையன்கள் நான்கு பேரிடம் பாட்டு இருக்கிறது, காசு இல்லை. நிறுவனம் முன்பணம் தருகிறது, பதிவு செய்கிறது, ஊரெல்லாம் விற்கிறது. விற்பனையில் குழுவுக்குச் சேரவேண்டிய பங்குக்கு ராயல்ட்டி என்று பெயர்.

குத்தகையோடு இது ஒத்துப்போகாத இடம் இரண்டு உண்டு. வியாபாரி தன் செலவைத் தானே ஏற்கிறார். இங்கேயோ முன்பணத்தையும் ஸ்டுடியோ செலவையும் நிறுவனம் குழுவின் ராயல்ட்டியிலிருந்தே பிடித்துக்கொள்ளும். அது முழுதாக அடைபடும் வரை, தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் குழுவின் கைக்கு ராயல்ட்டி வராது. அடுத்தது, மாங்காய் பறித்து முடிந்தால் மரம் தோப்புக்காரருக்கே திரும்பிவிடும். அந்தக் காலத்து இசை ஒப்பந்தங்களில் பலவற்றில் மரமே போய்விட்டது.

எந்த மரம் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு தனித்தனிச் சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பாடல் உரிமை என்று வைத்துக்கொள்வோம். அது எழுதியவருக்கும், அவரோடு ஒப்பந்தம் போட்ட பதிப்பு நிறுவனத்துக்கும் போகும். அந்தப் பாட்டைக் குழு வாசித்து ஸ்டுடியோவில் பதிவு செய்த ஒலி இன்னொன்று. அதன் பெயர் மாஸ்டர் உரிமை. அது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும்.

நம் ஊரில் டீக்கடை வரைக்கும் இந்த விஷயம் வந்தது 2017-ல். எஸ்.பி.பி. வெளிநாட்டில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. “பாடினவருக்குப் பாட உரிமை இல்லையா?” என்று பலர் கொந்தளித்தார்கள். அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் பாடுகிறவர் ஒருவர், பாட்டைப் படைத்தவர் ஒருவர், பதிவுக்குச் சொந்தக்காரர் ஒருவர் என்று மூன்று தரப்பு இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

ரோலிங் ஸ்டோன்ஸ் கதையைப் பாருங்கள். 1960-களில் அவர்களுக்கு மேலாளராக இருந்தவர் ஆலன் க்ளைன். அவரோடு முறித்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான், அந்தப் பத்தாண்டில் தாங்கள் செய்த பாடல்களின் உரிமை அவருடைய நிறுவனத்தின் கையில் இருப்பது அவர்களுக்கு முழுமையாகப் புரிந்தது. 1965-ல் வந்து உலகமெல்லாம் பரவிய ‘சாடிஸ்ஃபேக்‌ஷன்’ உட்பட எல்லாம் அதில் அடக்கம். அந்தக் காலத்துப் பதிவு இன்றைக்கு எங்கே விற்றாலும் பெரும்பங்கு அந்த நிறுவனத்துக்குத்தான். அதே பாட்டை இவர்கள் மேடையில் வாசித்தால் டிக்கெட் வசூல் இவர்களுக்கு. தாங்கள் செய்த பாட்டைத் தாங்களே உடம்பால் வாசித்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்ற நிலை.

ஆக இதுவரை: பாட்டு வேறு, பதிவு வேறு. இரண்டும் கைமாறிப் போயிருக்கலாம். மேடையை மட்டும் யாரும் எழுதி வாங்க முடியாது.

ஒரே மேடை, ஆளுக்கு ஒரு கணக்கு

“அவங்களுக்குத்தான் காசு இருக்கே” என்கிறோமே, அந்த ‘அவங்க’ யார்? நான்கு பேர் சேர்ந்து நின்றாலும் நான்கு பேருக்கும் ஒரே வருமானம் கிடையாது.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களில் பெரும்பாலானவை ஜாகர், ரிச்சர்ட்ஸ் இருவர் பெயரில்தான் பதிவாகியிருக்கின்றன. சார்லி வாட்ஸ் 1963-லிருந்து சாகும் வரை டிரம்ஸ் வாசித்தார். அந்த அடி இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. ஆனாலும் எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ரானி வுட் 1975-ல் கிடார் வாசிக்க வந்தார். பல ஆண்டுகள் கூட்டாளியாக இல்லாமல் சம்பளத்துக்கு வாசித்தார். 1993-லிருந்து பேஸ் கிடார் வாசிக்கும் டாரில் ஜோன்ஸ் இன்று வரை குழுவின் அதிகாரப்பூர்வ உறுப்பினர் கிடையாது. பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லோரும் ‘ஸ்டோன்ஸ்’தான்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்க வானொலி நல்ல உதாரணம். அங்கே சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் அதை எழுதியவருக்குக் காசு போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் எதுவும் போகாது. அந்நாட்டுச் சட்டம் அப்படி. நாற்பது வருடமாகத் தினம் ஒலிக்கிற ஒரு பாட்டு, அதை எழுதிய கிடார்காரருக்குத் தோட்டம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். பக்கத்தில் நின்று வாசித்த டிரம்மருக்கு அதே வானொலியிலிருந்து ஒரு டாலர்கூட வந்திருக்காது. அவருக்கு மேடைதான் வருமானம். குழு ஓய்வெடுத்தால் அவருடைய வருமானமும் ஓய்வெடுத்துவிடும்.

இதை முதலிலேயே யோசித்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவில் யார் எந்த வரியைக் கொண்டுவந்தாலும் நால்வர் பெயரையும் சமமாகப் போட்டார்கள். 2011-ல் நல்லபடியாகப் பேசிப் பிரிந்தார்கள். மறுபடி சுற்றுப்பயணம் போகவே இல்லை. சமப்பங்கு வைத்ததால்தான் நிம்மதியாக நிறுத்த முடிந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ ஒருவருக்குக் கடன் அடைக்க வேண்டுமே என்பதற்காக மற்ற மூவரையும் மேடைக்கு இழுக்கிற நிலை அங்கே குறைவு என்பது என் கணிப்பு.

தட்டு விற்க மேடை, மேடைக்காகத் தட்டு

ஒரு காலத்தில் சுற்றுப்பயணத்தில் லாபமே வராவிட்டாலும் குழுக்கள் கவலைப்படவில்லை. புதுத் தட்டு விற்பதற்கான விளம்பரம் அது. கச்சேரி பார்த்தவர் மறுநாள் கடைக்குப் போய்த் தட்டு வாங்குவார். சேலத்தில் கேசட் கடை வாசலில் நின்றே வளர்ந்த என் தலைமுறைக்கு அந்த உலகம் தெரியும். எழுதிக் கொடுத்த பட்டியலின்படி வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். அதில் ஒரு பைசாகூட லண்டனுக்குப் போகவில்லை என்பதும் உண்மை.

உலக அளவில் இசைத்தட்டு விற்பனை உச்சம் தொட்ட ஆண்டு 1999. அதே ஆண்டில்தான் பாட்டை இணையத்தில் இலவசமாக மாற்றிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்தது. விற்பனை மளமளவென்று சரிந்தது. 2008-ல் ஸ்பாட்டிஃபை சேவை தொடங்கியது. மாதச் சந்தா கட்டினால் எந்தப் பாட்டையும் கேட்கலாம். இதற்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர். ஒரு தடவை கேட்டால் உரிமையாளர்களுக்குச் சேரும் தொகை ஒரு சென்ட்டில் பாதிகூட இருக்காது. அதையும் நிறுவனம், எழுதியவர், வாசித்தவர் என்று பங்கு பிரிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ராக் பாடகர் டேவிட் போவி 2002-லேயே இதைச் சொன்னார். இசை இனிமேல் குழாய்த் தண்ணீர் போலவும் மின்சாரம் போலவும் ஆகிவிடும், ஆகவே நிறையச் சுற்றுப்பயணம் போகத் தயாராகுங்கள் என்று சக இசைக்கலைஞர்களை எச்சரித்தார். அப்படியேதான் நடந்தது. இன்று பல மூத்த குழுக்கள் புதுத் தட்டு வெளியிடுவதே அடுத்த பயணத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகத்தான்.

எண்பது வயதுக்காரர்கள் ஏன் இவ்வளவு சுற்றுகிறார்கள் என்று வியக்கும்போது இந்தத் தலைகீழ் மாற்றத்தை மறந்துவிடுகிறோம். ஓய்வுக்காலத்துக்கு என்று நம்பிய தட்டு விற்பனை, இவர்கள் ஐம்பதுகளில் இருக்கும்போது காலடியிலிருந்து நழுவிப் போனது.

டிக்கெட் காசு போகிற வழி

இனி மேடைக் கணக்கு. ஆடிப் பண்டிகை வந்தால் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை என்று சேலம் முழுக்க மாரியம்மன் கோயில்களில் மேடை போடுவார்கள். வண்டி வேடிக்கை ஒருநாள் என்றால் இன்னிசைக் கச்சேரி ஒருநாள். விழாக் கமிட்டி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரு தொகை பேசி முன்பணம் கொடுத்துவிடும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பேசியது பேசியதுதான். உலகச் சுற்றுப்பயணத்திலும் இதே ஏற்பாடு உண்டு; அதற்கு கேரண்டி என்று பெயர். அதைக் கொடுத்து, அரங்கம் பிடித்து, டிக்கெட் விற்று, நட்டத்துக்கும் துணிகிறவர் ப்ரமோட்டர்.

பெரிய குழுக்களுக்குக் கேரண்டியோடு கதை முடிவதில்லை. வசூலில் நிகழ்ச்சிச் செலவு போக மிஞ்சுவதில் 85 முதல் 90 சதவீதம் வரை குழுவுக்கு என்பது வழக்கமான பேச்சு. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட தொகை. எந்தக் குழுவின் கணக்கும் இல்லை.

ஒரு நாள் டிக்கெட் வசூல் 10 கோடி ரூபாய் என்று வையுங்கள். அரங்க வாடகை, வரி, காவல், விளம்பரம் 3 கோடி. மிச்சம் 7 கோடி. ப்ரமோட்டருக்கு 1 கோடி போக 6 கோடி குழுவுக்கு. அதில்தான் மேடை, லாரிகள், ஒலி, ஒளி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களின் சம்பளம், தங்குமிடம், விமானம் எல்லாம். அதற்கு 3 கோடி. நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜெண்டுக்கு 10 சதவீதம், மேலாளருக்கு 15 சதவீதம். 6 கோடியில் அது ஒன்றரைக் கோடி. கடைசியில் மிஞ்சுவது ஒன்றரைக் கோடி. நான்கு பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 37.5 லட்சம், அதற்கும் வரி கட்ட வேண்டும். ஒரு ராத்திரிக்கு இது பெரிய காசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பத்திரிகையில் வருகிற ‘10 கோடி வசூல்’ அவர்கள் சட்டைப்பைக்குப் போகவில்லை.

1989-ல் இந்தத் தொழிலின் அளவே மாறியது. அதுவரை ஊருக்கு ஒரு ப்ரமோட்டர். அந்த ஆண்டு கனடாவைச் சேர்ந்த மைக்கேல் கோல் என்பவர் ரோலிங் ஸ்டோன்ஸின் பயணம் முழுவதையும் மொத்தமாகப் பேசி எடுத்தார். டிக்கெட், டி-சர்ட், விளம்பரதாரர் எல்லாம் ஒரே கையில். 2005 முதல் 2007 வரை அவர்கள் நடத்திய பயணத்தின் வசூல் சுமார் 55 கோடியே 80 லட்சம் டாலர். அன்றைக்கு அது உலக சாதனை. இந்த அளவில் நடக்கும் ஒன்றை மனம்போன போக்கில் நடத்தவோ நிறுத்தவோ முடியாது. தி ஹூ என்ற ராக் குழுவின் பேஸ் கிடார்காரர் ஜான் என்ட்விசில் 2002 ஜூன் 27 அன்று, பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், இறந்துபோனார். ஜூலை 1 அன்று மற்றவர்கள் வேறொரு பேஸ் கிடார்காரரோடு மேடை ஏறினார்கள். கல் நெஞ்சக்காரர்கள் என்று அப்போது பலர் திட்டினார்கள். என் பார்வையில், லாரிகள் கிளம்பி, அரங்கங்கள் பேசி, அந்தப் பயணத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்த நேரம் அது. துக்கத்தோடு வாசித்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது சேர்த்துப் பார்த்தால்: பாட்டின் உரிமை சிலரிடம் இல்லை, தட்டு விற்பனை எல்லோருக்கும் போய்விட்டது, மிஞ்சியது மேடை, அந்த மேடையை நம்பி ஒரு சின்ன ஊரே பிழைக்கிறது. பணம் முக்கியமில்லை என்று சொல்லவே முடியாது.

காசு கூப்பிட்டும் போகாதவர்கள்

அப்படியானால் காசு கூப்பிட்டால் எல்லோரும் போகவேண்டுமே? போகவில்லை.

லெட் செப்பலின் குழு 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரே ஒரு கச்சேரிக்குச் சேர்ந்தது, தங்கள் பழைய நிறுவனத் தலைவர் ஒருவரின் நினைவாக. டிக்கெட் 125 பவுண்ட். 2 கோடிப் பேர் விண்ணப்பித்ததாகச் செய்தி. உலகப் பயணம் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். பாடகர் ராபர்ட் பிளான்ட் மறுத்துவிட்டார். அதே சமயம் அவர் வீட்டிலும் உட்காரவில்லை. அலிசன் க்ரௌஸ் என்ற பாடகியோடு சேர்ந்து, வேறு மாதிரியான இசையை, சிறிய அரங்கங்களில் பாடிக்கொண்டிருந்தார். மேடை வேண்டும், அந்த மேடை வேண்டாம்.

ஜான் ஃபோகர்ட்டி கதை இன்னும் ஆழமானது. எனக்கு மிகவும் நெருக்கமானதும்கூட. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற குழுவின் பாட்டெல்லாம் பெரும்பாலும் அவர் எழுதியதுதான். 1972-ல் குழு உடைந்தது. பாடல் உரிமை இசைத்தட்டு நிறுவன முதலாளியிடம் இருந்தது. ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காகத் தன் ராயல்ட்டியையும் ஃபோகர்ட்டி விட்டுக்கொடுத்தார். தன் பாட்டைத் தான் பாடினால்கூட அந்த முதலாளிக்குக் காசு போகும் என்ற கசப்பில், ஏறக்குறைய 15 ஆண்டுகள் அந்தப் பாட்டுகளை மேடையில் தொடவே இல்லை. 1987-ல் ஒரு சின்ன கிளப்பில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அவரைச் சீண்டினார்: நீ எழுதிய ‘ப்ரவுட் மேரி’யை நீயே பாடாவிட்டால், அதைத் தானும் பாடிய பாடகி டினா டர்னரின் பாட்டென்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்று. அன்று பாடினார். அதே ஆண்டு வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான நிகழ்ச்சியிலும் அந்தப் பழைய பாட்டுகளைப் பாடினார். 2023 ஜனவரியில், தன் 77-வது வயதில், அந்தப் பாடல் உரிமையின் பெரும்பகுதியை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார். வாங்கிய கையோடு சுற்றுப்பயணம் கிளம்பினார். அதைப் பார்த்து “இந்த வயசிலும் காசா” என்று ஒருவர் கேட்டால் எனக்கு மனசு வலிக்கும். காசுத் தகராறு ஒரு மனிதரை மேடையிலிருந்து விலக்கியே வைத்திருந்தது என்பதுதான் அங்கே நடந்தது.

தலைகீழ் உதாரணமும் உண்டு. கனடாவின் லியோனார்ட் கோஹன் ராக் குழுக்காரர் இல்லை, பாடகர், கவிஞர். 15 ஆண்டுகளாகச் சுற்றுப்பயணமே போகாதவர். தன் சேமிப்பில் பெரும்பகுதியை மேலாளர் கரைத்துவிட்டது 2004 வாக்கில் அவருக்குத் தெரிய வந்தது. 2008-ல், 73 வயதில், பணத்துக்காகத்தான் மேடை ஏறினார். அவரே அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு காசை வாங்கிப் போகவில்லை. மூன்று மணி நேரம் பாடினார். இழந்ததைச் சம்பாதித்த பிறகும் நிறுத்தவில்லை. 2013 டிசம்பரில், 79 வயதில்தான் கடைசிக் கச்சேரி. காசுக்காக ஏறினாரா, பாட்டுக்காக ஏறினாரா என்று கேட்டால் முதல் மாதத்துக்கு ஒரு பதில், ஐந்தாம் வருடத்துக்கு வேறு பதில்.

இன்னொரு வகையினர் தங்கள் பாட்டையே மொத்தமாக விற்றவர்கள். ஒருவர் வாழ்நாளில் செய்த பாட்டு முழுவதையும் சேர்த்துக் கேட்டலாக் என்பார்கள். பாப் டிலன் தன் பாடல் உரிமை முழுவதையும் 2020-ல் விற்றார். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2021-ல் விற்றார். தொகை 50 கோடி டாலர் அளவில் என்று செய்தி வந்தது. இதற்கு மேல் காசு எதற்கு? ஆனாலும் டிலன் எண்பது வயதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறார். ஸ்பிரிங்ஸ்டீன் 2023-ல் மறுபடி கிளம்பி மூன்று மணி நேரக் கச்சேரி நடத்தினார். காசுதான் ஒரே காரணம் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

பேசின காசும் மரியாதையும்

அம்மாபேட்டையில் ஓர் ஆடிக் கச்சேரி. எழுபதைத் தொட்ட பாடகர் ஒருவர் இரண்டு பாட்டுப் பாட வந்திருந்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது. அவர் மைக் பக்கம் வரும்போதே கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டி ஸ்ருதியை இறக்கிவிட்டார். கிடார்காரர் ஒன்றும் பேசாமல் கைப்பிடியை மாற்றிக்கொண்டார். சரணத்தில் மேலே போகிற இடத்தில் பெரியவர் நேராக ஏறாமல் ஒரு வளைவு கொடுத்துத் தாண்டினார். கூட்டம் கைதட்டியது.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால், பேசிய தொகையில் ஐந்நூறு ரூபாய் குறைந்ததற்கு அதே பெரியவர் கறாராகச் சண்டை போட்டார். எனக்கு ஆச்சரியம். “ஐயா, உங்களுக்கு இதுவா பெரிசு?” என்றேன். “தம்பி, காசைக் குறைச்சு வாங்கிட்டா அடுத்த வருஷம் கடைசி ஆளாத்தான் கூப்பிடுவாங்க. அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க” என்றார்.

மூத்த குழுக்களைப் பற்றி நான் படித்த எத்தனையோ பேட்டிகளை விட அந்தப் பதில் எனக்கு அதிகம் விளங்க வைத்தது. கலைஞருக்குக் கிடைக்கிற தொகை, அவருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்பதன் அளவுகோலும்கூட. கேரண்டி இறங்கினால் சின்ன அரங்கம். சின்ன அரங்கம் என்றால் பெயர் சுவரொட்டியில் கீழே போகும். ‘எங்களுக்கு இன்னும் கூட்டம் வருகிறது’ என்பதைக் காசால்தான் நிரூபிக்க முடிகிறது. அதற்காகப் பேரம் பேசுகிறவரைப் பாட்டின்மேல் பற்றில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஸ்ருதி இறக்குவது ராக் மேடையிலும் உண்டு. பழைய பாட்டை அரை ஸ்தாயி, ஒரு ஸ்தாயி என்று இல்லாவிட்டாலும் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கித் தந்தியைத் தளர்த்தி வாசிக்கிற மூத்த குழுக்கள் நிறைய. உடம்பு கேட்கிற விலையும் சின்னதில்லை. மிக் ஜாகருக்கு 2019 ஏப்ரலில் இதய வால்வு சிகிச்சை நடந்தது. ஜூனில் சிகாகோ மேடையில் ஓடிக்கொண்டிருந்தார். அயர்ன் மெய்டன் என்ற ராக் குழுவின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. தேறி வந்து வாசித்தார், 2024 இறுதியில்தான் பயணங்களிலிருந்து விலகினார். 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது, சேலத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனவர்கள் பலருக்கு அந்த டிரம்ஸ் இன்னும் நெஞ்சில் அதிர்ந்துகொண்டிருக்கும். பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பார்க்கின்சன் நோயால் நிற்கக்கூட முடியாத நிலையில், 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்ஹாமில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். லாபம் மருத்துவ அறப்பணிகளுக்கு. 17 நாள் கழித்து இறந்துபோனார்.

‘இதுதான் கடைசி’ என்று சொல்லிவிட்டு

நியாயமான கோபம் வரவேண்டிய இடமும் இருக்கிறது. கிஸ் குழு 2000-த்திலேயே பிரியாவிடைப் பயணம் என்று அறிவித்து டிக்கெட் விற்றது. உண்மையான கடைசிக் கச்சேரி நடந்தது 2023 டிசம்பரில். ஸ்கார்ப்பியன்ஸ் குழுவினர் 2010-ல் விடைபெறுவதாகச் சொன்னார்கள், அப்புறமும் பயணம் போய்க்கொண்டிருக்கிறார்கள். மனம் மாறுவது மனித இயல்பு என்றாலும், ‘கடைசி’ என்ற வார்த்தையை நம்பிக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்த ரசிகருக்கு அது ஏமாற்றம்தான்.

டிக்கெட் விலையும் அப்படியே. ஆள் கூட்டம் கூடக் கூட விலையைத் தானாக ஏற்றிக்கொண்டே போகும் முறை இன்று டிக்கெட் விற்பனையில் இருக்கிறது. ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்கு 2022-ல் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் வரை போயின. உழைப்பாளி மக்களைப் பற்றியே பாடி வந்தவர் என்பதால் அவருடைய ரசிகர்களுக்குத்தான் அது அதிகம் வலித்தது. இதற்கெல்லாம் குழுவுக்கு வழியே இல்லை, நிறுவனம் வைத்ததுதான் விலை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தி க்யூர் குழு 2023-ல் அமெரிக்கப் பயணத்துக்கு அந்த முறையே வேண்டாம் என்று மறுத்தது. 20 டாலருக்கும் டிக்கெட் வைத்தது. டிக்கெட் நிறுவனம் அதன்மேல் கட்டணத்துக்குமேல் கட்டணம் போட்டபோது, பாடகர் ராபர்ட் ஸ்மித் பொதுவெளியில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நிறுவனம் இறங்கிவந்து, டிக்கெட்டின் ரகத்தைப் பொறுத்து 10 டாலரும் 5 டாலருமாக ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்துவரும் குழு அது. அந்தப் பயணத்திலும் அவர்கள் சம்பாதித்தார்கள், அரங்கங்களும் நிறைந்தன.